பின்னத்தில் கீழே நிற்கும் எண்: ‘பங்கெண்’ என்போமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பள்ளிக் கணக்கில் எந்தச் சொற்களை மாற்றலாம் என்று இங்கே பேசிவருகிறோம். கூட்டல், கழித்தல், ஈவு, மீதி இவற்றைத் தொட வேண்டியதில்லை என்பதில் நம்மிடையே கருத்து வேறுபாடு இல்லை. பின்னத்தில் மேலே நிற்கும் எண்ணான தொகுதி, கீழே நிற்கும் எண்ணான பகுதி, இந்த இரண்டு பெயர்களும்தான் இழுத்துக்கொண்டே போகின்றன. எனக்கு வழக்கு ‘பகுதி’யோடு மட்டும்தான்.

போன வாரம், ஐந்தாம் வகுப்பு படிக்கும் அக்காள் மகளுக்கு ஒரு தோசையை நான்காக வெட்டி வைத்தேன். மூன்று துண்டுகளைத் தின்றாள். “எத்தனை பகுதி சாப்பிட்டாய்?” என்றேன். “மூன்று பகுதி.” நோட்டில் 3/4 என்று எழுதி, “இதில் பகுதி எது?” என்று கேட்டேன். தயங்காமல் 3-இன்மேல் விரலை வைத்தாள். இல்லை, 4 என்றதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. “மூன்று பகுதி என்றபோது சரி என்றீர்களே, மாமா?” நியாயம் அவள் பக்கம்தான்.

முழுமையின் ஒரு பகுதியே பின்னம் என்று பாடத்தைத் தொடங்குகிறோம். உடனே அதே சொல்லை எடுத்துக் கீழே நிற்கும் எண்ணுக்குப் பெயராகச் சூட்டுகிறோம். தமிழ்ப் பாடத்துக்குப் போனால் பகுபத உறுப்பிலக்கணத்தில் பகுதி சொல்லின் முதலில் நிற்கிறது. பிறகு பகு எண், பகா எண் வேறு வந்து சேர்கின்றன. ஒரு சிறு பிள்ளை இத்தனையையும் எப்படிப் பிரித்தறியும்?

மேலெண், கீழெண் போதும் என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். எளிமையான சொற்கள்தான். ஆனால் அவை எண் நிற்கும் இடத்தைச் சொல்கின்றன, அது செய்யும் வேலையைச் சொல்லவில்லை. 3/4 என்று சாய்கோடு போட்டு ஒரே வரியில் எழுதும்போது மேலும் இல்லை, கீழும் இல்லை.

என் பரிந்துரை ‘பங்கெண்’. முழுப்பொருளை எத்தனை சம பங்காகப் போட்டோம் என்று சொல்லும் எண். பங்கு போடுவது பிள்ளைகள் பள்ளிக்கு வருமுன்பே வீட்டில் கற்றுக்கொண்ட கணக்கு. தம்பிக்குப் பெரிய துண்டு போய்விட்டால் அழுது ஊரைக் கூட்டுபவர்களுக்கு ‘சம’ என்பதை விளக்க வேண்டியதே இல்லை. ‘மூன்றில் ஒரு பங்கு’ என்பது இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கிறது. அந்தத் தொடரில் முதலில் வருவது பங்கெண்தான் என்பதையும் கவனியுங்கள்.

‘கூறெண்’ என்றும் யோசித்தேன். சந்தையில் கத்தரிக்காயைக் கூறு கட்டி வைத்திருப்பது நல்ல படம். ஆனால் ‘கூறு’ என்றால் ‘சொல்’ என்றும் பொருள்; வினாத்தாளில் “கூறெண்ணைக் கூறு” என்று வந்தால் குழப்பம்.

பிள்ளைகள் 1/4 + 2/4 = 3/8 என்று போடுவதை ஆசிரியர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதே பிள்ளையிடம் ‘ஒரு காலும் இரண்டு காலும் எவ்வளவு?’ என்று வாய்க்கணக்காகக் கேளுங்கள். முக்கால் என்று சொல்லிவிடும். ‘கால்’ என்னும்போது அது பங்கின் பெயர், கூட்டத்தக்க எண் அல்ல என்பது காதிலேயே விளங்கிவிடுகிறது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பங்குக்குப் பங்கு தனிப்பெயர் வைத்திருந்த மொழி நம்முடையது. 1/16-க்கு மாகாணி, 1/320-க்கு முந்திரி. ‘பங்கெண் 4’ என்று பழகினால், ஒரே பங்கெண் உள்ளவற்றைக் கூட்டும்போது அதை மாற்றக் கூடாது என்று சொல்லிக்கொடுப்பதும் எளிது. ஒரே பங்கெண்ணைக் கொண்டவை ஓரினப் பின்னங்கள், அவ்வளவுதான்.

‘தொகுதி’ இருக்கட்டும். ‘எடுப்பெண்’ என்ற மாற்றை நான் ஏற்கவில்லை. 7/4 வந்தால் நான்கு துண்டில் ஏழை எப்படி எடுப்பது? தொகுப்பதென்றால் இரண்டு தோசையிலிருந்தும் சேர்க்கலாம், ஏழு கால்.

ஒரு தடை எழும், நானே சொல்லிவிடுகிறேன். உயர்நிலைப் பள்ளியில் 1/√2 வரும்போது √2 பங்காக எதையும் வெட்ட முடியாது, பிறகு எப்படி அது பங்கெண் ஆகும்? அரையால் பெருக்கினால் எண் சிறுக்கிறது. ஆனாலும் அதைப் பெருக்கல் என்றுதான் சொல்கிறோம். பங்கெண்ணின் பொருளும் அப்படியே விரியட்டும்.

நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்கள் ஒரு வாரம் இந்தச் சொல்லை வகுப்பில் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். பிள்ளைகள் எங்கே தயங்கினார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.