அமீரகத்திலிருந்து நிரந்தரமாக ஊர் திரும்புதல்: செப்டம்பரா, அக்டோபரா?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். 2011 முதல் ஷார்ஜாவில் குடியிருந்து, ஒரு கட்டுமான நிறுவனத்தில் மின்பொறியாளராகப் பணிபுரிந்து வருகிறேன். 2026 செப்டம்பரில் என் ஒப்பந்தம் முடிகிறது. குடும்பத்தோடு பாளையங்கோட்டைக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். செப்டம்பர் 15 அன்று ஊர் வந்து சேர்வதாக ஏற்பாடு. ஆனால் நான் கேட்டால் நிறுவனம் அக்டோபர் முதல் வாரம் வரை பணியை நீட்டித்துத் தரத் தயாராக இருக்கிறது.

செப்டம்பர் 15 அன்று திரும்பினால் அந்த நிதியாண்டில் இந்தியாவில் 182 நாட்களைக் கடந்துவிடுவேன் என்றும், அதனால் ஏப்ரல் முதல் இங்கே வாங்கிய சம்பளம், பணி முடிவில் கிடைக்கும் பணிக்கொடை எல்லாவற்றுக்கும் இந்தியாவில் வரி கட்ட வேண்டியிருக்கும் என்றும் ஊரில் உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான்.

என் விவரங்கள்: ஆண்டுதோறும் விடுப்பில் ஏறத்தாழ 35 நாட்கள் ஊரில் இருப்பேன், 2026 ஏப்ரலுக்குப் பிறகு விடுப்பு எடுக்கப் போவதில்லை. வீட்டு வாடகையும், ஊரில் வரும் வருமானத்தைப் போட்டு வைக்கும் என்ஆர்ஓ கணக்கின் வட்டியும் சேர்ந்து இந்திய வருமானம் ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் வரும். வெளிநாட்டுச் சம்பளத்தை ஊருக்கு அனுப்பி ரூபாயில் போட்ட என்ஆர்இ வைப்புத்தொகை இருக்கிறது. ஷார்ஜா வங்கியில் சேமிப்பும், ஒரு தரகு நிறுவனத்தின் வழியே வாங்கிய சில அமெரிக்கப் பங்குகளும் உண்டு. எந்தத் தேதியில் திரும்புவது நல்லது?

பதில்: வைகை ஆடிட்டர்

வணக்கம் ஐயா. 182 நாட்களைக் கடந்தால் நீங்கள் இந்தியக் குடியிருப்பாளர் ஆவீர்கள் என்று உங்கள் உறவினர் சொன்னது சரி. குடியிருப்பாளர் ஆன உடனே அயல்நாட்டு வருமானம் முழுவதும் வரிக்கு வந்துவிடும் என்பதுதான் சரியல்ல. குடியிருப்பாளருக்குள் இரண்டு வகை உண்டு. பல ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்புகிறவர்கள் முதலில் ஆர்என்ஓஆர் எனப்படும், ‘குடியிருப்பாளர், ஆனால் வழக்கமாகக் குடியிருப்பவர் அல்லர்’ என்ற வகைக்குள் வருவார்கள். இந்த நிலையில் இருக்கும்வரை வெளிநாட்டில் ஈட்டி, வெளிநாட்டிலேயே பெற்ற வருமானத்துக்கு இந்தியாவில் வரி இல்லை. இந்தியாவிலிருந்து நடத்தப்படும் தொழிலின் வெளிநாட்டு வருமானம் மட்டும் விதிவிலக்கு, அது உங்களுக்கு இல்லை. ஆகவே செப்டம்பரில் வந்தாலும் அக்டோபரில் வந்தாலும் ஷார்ஜா சம்பளத்துக்கும் பணிக்கொடைக்கும் இங்கே வரி கிடையாது. அந்தக் கவலையை இன்றே விட்டுவிடலாம்.

தேதியால் மாறக்கூடியது வேறொன்று: திரும்பிய பிறகு எத்தனை ஆண்டுகள் இந்தச் சலுகை நீடிக்கும் என்பது. அமெரிக்கப் பங்குகளும் ஷார்ஜா சேமிப்பும் உங்களிடம் இருப்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது அவசியம்.

ஆர்என்ஓஆர் ஆக இரண்டு தேர்வுகளில் ஒன்றில் தேறினால் போதும். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டுகளேனும் இந்தியாவில் குடியிருப்பாளராக இல்லாதவராக இருந்திருக்க வேண்டும். அல்லது, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் இருந்த மொத்த நாட்கள் 729-ஐத் தாண்டாதிருக்க வேண்டும்.

முதலில் செப்டம்பர் 15 அன்று வருவதாக வைத்துக்கொள்வோம். அன்று முதல் 2027 மார்ச் 31 வரை 198 நாட்கள். எனவே 2026-27-இல் குடியிருப்பாளர். முந்தைய 10 ஆண்டுகளும் வெளிநாட்டில் கழிந்ததால் ஆர்என்ஓஆர். 2027-28-இல் முந்தைய 10-இல் 9 ஆண்டுகள் அப்படி இருப்பதால் அப்போதும் ஆர்என்ஓஆர். 2028-29-க்கு வரும்போது அந்த எண்ணிக்கை 8 ஆகிவிடும்; முதல் தேர்வு கைகொடுக்காது. இரண்டாவது தேர்வுக்கு, 2021-22 முதல் 2025-26 வரையிலான ஐந்து ஆண்டுகளின் விடுப்பு நாட்கள் 175, அதன் பின் 198, பின்னர் 2027-28 முழுவதும் ஊரிலேயே இருந்தால் 366 (2028 லீப் ஆண்டு). கூட்டினால் 739. பத்தே நாட்கள் கூடுதல். மூன்றாம் ஆண்டு கையை விட்டுப் போகிறது.

அக்டோபர் 5 அன்று வந்தால் கணக்கு வேறு. மார்ச் இறுதி வரை 178 நாட்கள்தான், 182 ஆகவில்லை. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆண்டில் 60 நாட்களும் அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் 365 நாட்களும் இந்தியாவில் இருந்தாலும் குடியிருப்பாளர் ஆவோம் என்று இன்னொரு விதி இருக்கிறது. வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவுக்கு வருகையாக வரும்போதுதான் அந்த 60 நாள் வரம்பு தளர்த்தப்படுகிறது. நிரந்தரமாகத் திரும்புகிறவருக்கு அந்தத் தளர்வு உண்டென்று நம்பியிருக்கக் கூடாது. உங்களுக்கு நான்கு ஆண்டு விடுப்பு 140 நாட்கள்தான் என்பதால் இந்த விதி உங்களைத் தொடாது. ஆண்டுக்கு நூறு நாள் ஊரில் இருப்பவர்கள் இதைப் பார்க்காமல் தேதி குறித்தால் சிக்கிக்கொள்வார்கள்.

ஆகவே அக்டோபர் 5 என்றால் 2026-27-இல் நீங்கள் குடியிருப்பாளரே அல்லர். 2027-28, 2028-29 இரண்டும் ஆர்என்ஓஆர். 2029-30-இலிருந்துதான் உலக வருமானம் முழுவதும் இந்திய வரிக்குள் வரும். செப்டம்பர் 15-ஐ விட ஓராண்டு லாபம். நிறுவனம் நீட்டித்துத் தருவதாகச் சொல்லும்போது நான் அக்டோபரையே தேர்ந்தெடுப்பேன். வந்திறங்கும் நாள், புறப்படும் நாள் இரண்டையும் இந்தியாவில் இருந்த நாட்களாகவே எண்ணுங்கள். வரம்புக்கு ஒட்டினாற்போல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. ‘முந்தைய ஆண்டு’, ‘மதிப்பீட்டு ஆண்டு’ என்ற பழைய பெயர்கள் போய் ‘வரி ஆண்டு’ என்ற ஒன்றே இருக்கும். மேலே சொன்ன நாள் வரம்புகள் அப்படியே தொடர்கின்றன.

இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, பணிக்கொடையை எங்கே பெறுகிறீர்கள் என்பது. ஒரு வருமானம் முதன்முதலாக இந்தியாவில் பெறப்பட்டால், அது எங்கே ஈட்டியதாக இருந்தாலும், யாராக இருந்தாலும் வரிக்கு உட்படும். அமீரகச் சட்டப்படி பணிக்கொடை முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டொன்றுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளமும் அதன் பிறகு ஆண்டொன்றுக்கு 30 நாள் சம்பளமும் ஆகும். உங்கள் பதினைந்து ஆண்டுக்கு அது சிறு தொகையல்ல. கணக்கை அவசரப்பட்டு மூடிவிட்டு, ‘ஊர்க் கணக்குக்கே அனுப்பிவிடுங்கள்’ என்று நிறுவனத்திடம் சொல்லிவிட்டால், வரியே இல்லாத பணத்தை நாமே வரிக்குள் கொண்டுவந்து வைத்தது போலாகும். அமீரகக் கணக்கில் வரவு வந்த பிறகு அதை ஊருக்கு அனுப்புவது வெறும் பணப் பரிமாற்றம். அதற்கு வரி இல்லை.

பதில்: தோகா தமிழன்

ஆடிட்டர் ஐயாவின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஒரு ஐயம். வரியில்லாத வளைகுடா நாடுகளில் இருப்பவர்களை இந்தியக் குடியிருப்பாளராகவே கருதுவோம் என்று 2020-இல் சட்டம் கொண்டுவந்தார்களே, அதோடு 182 நாட்களை 120 ஆகக் குறைத்தும் விட்டார்களே, அவை இவருக்குப் பொருந்தாதா? இங்கே எங்கள் முகாமில் பாதிப் பேர் இந்த அச்சத்தில்தான் ஊருக்குப் போகும் நாட்களை எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில்: வைகை ஆடிட்டர்

பொருந்தாது, தம்பி. அந்த இரண்டு விதிகளும், அயல்நாட்டு வருமானம் நீங்கலான மொத்த வருமானம் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாயைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டும்தான். வளைகுடாச் சம்பளம் இந்த 15 லட்சத்தில் சேராது. ஊரில் வரும் வாடகை, வட்டி, பங்கு விற்ற ஆதாயம் போன்றவையே சேரும். நண்பருக்கு அது 3 லட்சம். முகாமில் தங்கி வேலை செய்கிற தொழிலாளர்களில் ஊரில் 15 லட்சம் வருமானம் உள்ளவர் யார்? அந்த வரம்பைத் தாண்டியவரும் இவ்விதிகளால் ஆர்என்ஓஆர் ஆகத்தான் ஆவார். அவருடைய வெளிநாட்டுச் சம்பளத்துக்கு அப்போதும் வரி வராது. வளைகுடாவில் உழைப்பவர்களின் அங்குள்ள சம்பளத்துக்கு வரி விதிப்பது நோக்கமல்ல என்று 2020 பிப்ரவரி 2 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் அறிக்கையே வெளியிட்டது. முதலில் வந்த அச்சம் பரவிய அளவுக்கு அந்த விளக்கம் பரவாமல் போனது எனக்கு வருத்தமே. விடுப்பைக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளைப் பார்க்காமல் யாரும் இருக்க வேண்டியதில்லை என்று தயவுசெய்து அவர்களிடம் சொல்லுங்கள்.

பதில்: நாகூர் வாசகர்

குவைத்திலிருந்து திரும்பியவன் என்ற முறையில் வங்கிக் கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வருமான வரியில் நாம் யார் என்பதை நாட்கள் முடிவு செய்கின்றன. வங்கிக் கணக்குகளுக்கான ஃபெமா எனும் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்திலோ, இனி இங்கேயே இருக்கப் போகிறோம் என்ற நோக்கத்தோடு திரும்பிய அன்றே நிலை மாறிவிடுகிறது. என்ஆர்இ வட்டிக்கு உள்ள வரிவிலக்கு ஃபெமாவைப் பின்பற்றியது. எனவே பொருநைக்கரை அண்ணன் ஆர்என்ஓஆர் ஆக இருந்தாலும், இந்தியாவில் விளையும் வட்டி என்பதால், திரும்பிய நாளிலிருந்து என்ஆர்இ வைப்பின் வட்டிக்கு வரி உண்டு. வங்கியில் தெரிவித்து அந்தக் கணக்கைச் சாதாரண உள்நாட்டுக் கணக்காகவோ, வெளிநாட்டு நாணயத்தில் வைத்துக்கொள்ள விரும்பினால் ஆர்எஃப்சி கணக்காகவோ மாற்றச் சொல்ல வேண்டும். பலரும் பழைய கணக்கை அப்படியே ஓட விடுகிறார்கள். வங்கியும் வரி பிடிக்காமல் வட்டியை வரவு வைத்துக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகள் கழித்து அறிவிப்பு வரும்போது அபராதத்தோடு கட்ட நேரும்.

பயணச் சான்றுகளையும் இப்போதே சேர்த்து வையுங்கள். அமீரக விமான நிலையங்களின் ஸ்மார்ட் கேட் வழியே போனால் பாஸ்போர்ட்டில் முத்திரை விழாது. ஏழு ஆண்டு நாட்களை எண்ணிக் காட்டச் சொல்லும்போது பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பயனில்லை. விசா ரத்தாகும் முன்பே அந்நாட்டுக் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் உங்கள் வருகை, புறப்பாட்டு விவர அறிக்கையைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: பொருநைக்கரை

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. அக்டோபர் 5-க்கு மேல் வருவதாக நிறுவனத்திடம் எழுதிக் கொடுக்கப் போகிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். என்ஆர்இ வைப்புக்குப் பதிலாக, வெளிநாட்டு நாணயத்திலேயே போடும் எஃப்சிஎன்ஆர் வைப்பு போட்டால் வித்தியாசம் உண்டா? அமெரிக்கப் பங்குகளை என்ன செய்வது?

பதில்: வைகை ஆடிட்டர்

எஃப்சிஎன்ஆர் வைப்பில் வித்தியாசம் உண்டு. அதன் வட்டிக்கு ஆர்என்ஓஆர் நிலை நீடிக்கும்வரை வரிவிலக்கு இருக்கிறது. திரும்பும் முன் போட்ட வைப்பை முதிர்வு வரை ஒப்புக்கொண்ட வட்டியிலேயே தொடரலாம். முதிர்ந்த பின் ஆர்எஃப்சி கணக்குக்கு மாற்றலாம். நீங்கள் திரும்பும் முன்பே, ஊர்ச் செலவுக்கு உடனே தேவைப்படாத தொகையை எஃப்சிஎன்ஆர் வைப்பில் போட்டு, 2029 மார்ச் இறுதியை ஒட்டி முதிரும்படி வைத்துக்கொள்வது உங்கள் நிலைக்குப் பொருத்தமாக இருக்கும். என்ஆர்இ வட்டி விகிதம் கூடுதலாகத் தெரிந்தாலும், வரி போக மிஞ்சுவதை ஒப்பிட்டு முடிவெடுங்கள். நாணய மாற்று விகிதமும் கணக்கில் வர வேண்டும்.

அமெரிக்கப் பங்குகளை வைத்திருக்க ஃபெமாவில் தடையில்லை. வெளிநாட்டில் குடியிருந்தபோது வாங்கிய சொத்தைத் திரும்பிய பிறகும் தொடர்ந்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் இப்போதே லாபத்தில் இருக்கும் பங்குகளை 2029 மார்ச் 31-க்குள் விற்று, விற்ற பணத்தை இந்தியாவுக்கு நேரே வரவழைக்காமல் அங்குள்ள கணக்கில் பெற்றால், அந்த ஆதாயத்துக்கு இந்தியாவில் வரி வராது. அமெரிக்கக் குடிமக்களோ குடியிருப்பாளர்களோ அல்லாதவர்களிடம் பங்கு விற்ற ஆதாயத்துக்கு அமெரிக்காவும் பொதுவாக வரி கேட்பதில்லை. அதே பங்குகள் தொடர்ந்து வேண்டுமென்றால் விற்ற பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அதற்குப் பின் புதிய விலையே உங்கள் அடக்க விலையாகும். பதினைந்து ஆண்டுச் சேமிப்பின் வளர்ச்சி முழுவதும் இப்படி வரியின்றிக் கைக்கு வருகிறது என்பதால்தான் அக்டோபரை அவ்வளவு வற்புறுத்தினேன்.

ஈவுத்தொகைக்கு இப்போது அமெரிக்காவில் 30 விழுக்காடு பிடித்திருப்பார்கள். இந்தியாவில் குடியிருப்பாளர் ஆனதும் தரகு நிறுவனத்தில் முகவரியை மாற்றிப் புதிய படிவம் கொடுத்தால், இந்திய-அமெரிக்க ஒப்பந்தப்படி அது 25 ஆகக் குறையும். வழக்கமான குடியிருப்பாளர் ஆன பிறகு அந்த ஈவுத்தொகைக்கு இங்கே கட்ட வேண்டிய வரியில் அந்த 25-ஐக் கழித்துக்கொள்ளலாம்.

2029-30 முதல் உங்கள் கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். ஷார்ஜா வங்கிக் கணக்கில் சிறு தொகை மீந்திருந்தாலும் எழுதுங்கள். 2015-இன் கறுப்புப் பணச் சட்டப்படி விட்டுப்போன தகவலுக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம் உண்டு. அசையாச் சொத்து நீங்கலாக மொத்த மதிப்பு 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 2024 அக்டோபர் 1 முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு கொடுத்திருக்கிறார்கள், ஆனால் உங்கள் பங்குகளோடு சேர்த்தால் அந்த வரம்பைத் தாண்டக்கூடும். விசா ரத்தான பிறகு ஷார்ஜா கணக்கைத் தொடர முடியுமா, எந்த வகைக் கணக்காக மாற்ற வேண்டும் என்பதை, பணிக்கொடை வரவு வருவதற்கு முன்பே வங்கிக் கிளையில் கேட்டுக்கொள்ளுங்கள். எண்களை உறுதி செய்ய, இந்த ஏழு ஆண்டுகளின் பயண விவரத்தோடு ஊரில் ஒரு ஆடிட்டரை நேரில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.