கைப்பிடி பிய்ந்த ரெக்சின் பையை வீட்டிலேயே தைக்க வழி உண்டா?

கேள்வி (சேரன்மகாதேவியிலிருந்து)

எல்லோருக்கும் வணக்கம். நான் சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டைக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போய் வருகிறேன். இரண்டு வருடங்களுக்கு முன்பு அம்மா திருநெல்வேலி டவுணில் 350 ரூபாய்க்கு வாங்கித் தந்த பழுப்பு நிற ரெக்சின் கைப்பையைத்தான் இன்றுவரை தோளில் மாட்டிக்கொண்டு போகிறேன். அதில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, குடை, பணப்பை ஆகியவை எப்போதும் இருக்கும். சென்ற மாதம் ஒரு கைப்பிடி பையோடு சேரும் இடத்தில் பிய்ந்துவிட்டது. வெளியே கொடுத்து ஒரு முறை தைத்து வாங்கினேன். மூன்றே வாரத்தில், தைத்த நூல் அப்படியே இருக்க, அதைச் சுற்றியுள்ள ரெக்சின் முன்பைவிட அகலமாகக் கிழிந்து வந்துவிட்டது. உடனே ஒட்டும் பசையை வைத்துப் பார்த்ததில் அந்த இடம் கல்லைப் போல் இறுகி, பையை மடக்கியபோது விரிசல் கண்டது.

இது போதாதென்று, ஜிப்பை இழுத்து மூடிய பிறகும் ரன்னருக்குப் பின்னால் பல் பிரிந்துகொள்கிறது. உள் துணியும் அடியில் கிழிந்து, சில்லறை எல்லாம் அதற்குள் போய்விடுகிறது. புதிய பை வாங்க முடியாமல் கேட்கவில்லை. அம்மா பார்த்துப் பார்த்து வாங்கியது என்பதால் இதைக் கைவிட மனம் வரவில்லை. என்னிடம் கைத்தையலுக்கான ஊசியும் நூலும் உண்டு. தையல் மெஷின் இல்லை. எங்கிருந்து தொடங்க வேண்டும் என்று யாராவது விளக்கமாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

முதல் பதில் (பத்தமடையிலிருந்து)

தங்கச்சிக்கு வணக்கம். கோரைப் பாயை வெட்டிக் கைப்பை தைப்பது எங்கள் வீட்டுத் தொழில். நீங்கள் சொல்லும் தொல்லையை நான் வாரம் ஒரு முறையாவது பார்க்கிறேன். நூல் அறவில்லை, ரெக்சின்தான் கிழிந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே காரணம் இருக்கிறது. ஊசி இறங்கும் ஒவ்வொரு இடமும் ஒரு ஓட்டை. நெருக்கமாகக் குத்திய ஓட்டைகள், தபால்தலைகளைப் பிரிக்கத் தாளில் இடும் துளைகளைப் போல, கிழிவதற்கு வழி போட்டுக் கொடுக்கின்றன. ஒரு முறை கிழிந்த இடத்தில் மேலும் நெருக்கமாகத் தைத்தால் தையல் பலப்படுவதாகத் தோன்றும். உண்மையில் இருந்த கொஞ்சம் ரெக்சினும் ஓட்டையாகிப் போகும். கோரையிலும் இதே கதைதான். ஊசி பட்ட இடத்தில் கோரை பிளந்துவிடும் என்பதால், கைப்பிடி வரும் இடத்தில் பின்புறம் துணி கொடுக்காமல் நாங்கள் தைப்பதே கிடையாது.

ஆகவே உங்கள் பைக்கு முதலில் வேண்டியது பின்பலம். பழைய ஜீன்ஸ் துணியில் கைப்பிடியின் அடியைவிட நான்கு புறமும் குறைந்தது 2 சென்டிமீட்டர் பெரிதாக ஒரு துண்டை வெட்டி, மூலைகளை வளைவாக நறுக்கிவிடுங்கள். கூரிய மூலை இருந்தால் அந்த இடத்தில் இழுவை கூடும். இந்தத் துண்டு ரெக்சினுக்கும் உள் துணிக்கும் நடுவே இருக்க வேண்டும், உள் துணியின் மேல் வைத்தால் பயனில்லை. உங்கள் உள் துணிதான் ஏற்கெனவே கிழிந்திருக்கிறதே, அந்த வழியாகவே கையை விட்டு வேலை பார்க்கலாம்.

பழைய நூலையெல்லாம் பிரித்து எடுத்துவிட்டு, இறுகிப்போன பசையை உப்புத்தாளால் தேய்த்து நீக்குங்கள். செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் ரப்பர் பசையை, அவர்கள் சொல்யூஷன் என்பார்களே அதை, ரெக்சினின் பின்புறத்திலும் ஜீன்ஸ் துண்டிலும் மெல்லியதாகத் தடவி, உடனே ஒட்டாமல் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுங்கள். தொட்டால் விரலில் ஒட்டாமல், ஆனால் பிசுபிசுப்பு தெரியும் பதத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். ஒரு முறை ஒட்டினால் நகர்த்த முடியாது என்பதால் சரியாகப் பொருத்திப் பார்த்து வையுங்கள். அதன் நெடி தலைக்கு ஏறும். திண்ணையிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து, அடுப்புப் பக்கம் போகாமல் செய்யுங்கள். ஓர் இரவு அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் தைக்கும்போது பழைய ஓட்டை வரிசையை விட்டு விலகி, 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை என்று முதலில் பேனாவால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். சதுரமாகச் சுற்றி வந்து நடுவில் பெருக்கல் குறி போல் குறுக்கே தைத்தால், இழுவை ஒரே வரிசையில் விழாமல் பரவும். குத்தூசியால் துளை போட்டுவிட்டு, ஒரே நூலின் இரு முனைகளிலும் ஊசி கோத்து, ஒன்றை முன்புறமிருந்தும் மற்றொன்றைப் பின்புறமிருந்தும் அதே துளையில் விட்டு இழுங்கள். இப்படித் தைத்தால் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற இழை பிடித்துக்கொள்ளும். தடித்த பாலியஸ்டர் நூலை மெழுகுவர்த்தியில் இரண்டு முறை உரசி எடுத்தால் சிக்காமல் ஓடும். தூண்டில் நரம்பு வலுவானது என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். அது ரெக்சினைக் கத்தி போல அறுத்துவிடும். பிய்யாத மற்ற மூன்று முனைகளுக்கும் இப்போதே துணி கொடுத்துவிடுவது நல்லது, அவையும் அதே சுமையைத்தான் தாங்குகின்றன.

இரண்டாவது பதில் (அம்பாசமுத்திரத்திலிருந்து)

பத்தமடை அண்ணாச்சி சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் ஜிப்பைப் பற்றியும் உள் துணியைப் பற்றியும் எழுதுகிறேன்.

ரன்னருக்குப் பின்னால் பல் பிரிகிறது என்றால் பெரும்பாலும் பல்லில் குறை இருக்காது; ரன்னரின் வாய் அகன்றிருக்கும். பல் ஏதும் உடைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு, ரன்னரை ஜிப் திறந்திருக்கும் முனைக்குக் கொண்டுபோய், அதன் பின்பகுதியின் இடது ஓரத்தைக் குறடால் மெல்ல ஓர் அழுத்து, வலது ஓரத்தை ஓர் அழுத்து என்று மாற்றி மாற்றி அழுத்துங்கள். ஒவ்வோர் அழுத்தலுக்கும் பிறகு இழுத்துப் பாருங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாக நெருக்கினால் ரன்னர் நகராது, அல்லது உடைந்துபோகும். அப்படி உடைந்தால் தையல் சாமான் கடையில் ரன்னர் மட்டும் தனியாகக் கிடைக்கும். பழையதன் முதுகில் 3, 5, 8 என்று ஓர் எண் இருக்கும், அதே எண்ணில் வாங்க வேண்டும். சரியான பிறகு மெழுகுவர்த்தியைப் பற்களின் மேல் தேய்த்துவிட்டால் இழுக்கும்போது திக்காது.

உள் துணியை ஒட்டுப் போட்டுக் காலம் தள்ள வேண்டாம். மலிவான பைகளில் அது காகிதம் போன்ற துணிதான், ஓரிடத்தில் தைத்தால் பக்கத்தில் கிழியும். அதைப் பையின் வாய் ஓரத்திலிருந்து அரை அங்குலம் விட்டுச் சுற்றிலும் வெட்டி எடுங்கள். எடுத்த துணியைப் பிரித்து அளவாக வைத்து, காடாத் துணியில் அதைவிட 2 சென்டிமீட்டர் கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள். காடாவை முதலில் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் என்றாவது பை நனையும்போது சுருங்கி, வாயை உள்ளே இழுக்கும். புதுத் துணியை, விட்டுவைத்த அந்த அரை அங்குல ஓரத்தோடு கையால் தைத்தால் போதும், ரெக்சினில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. கைப்பிடி வேலை முழுவதும் முடிந்த பின்பே இந்தத் துணியை உள்ளே வையுங்கள்.

மூன்றாவது பதில் (மேலப்பாளையத்திலிருந்து)

இவ்வளவு பாடுபடுவதற்கு முன்பு ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், அக்கா. பையை அதிகம் மடங்கும் இடத்தில் வளைத்து, நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். மேல்தோல் செதில் செதிலாக உதிர்ந்து அடியில் துணி தெரிந்தால், அது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் பூச்சு. காற்றின் ஈரமே அதை நாளடைவில் சிதைத்துவிடும். எந்தப் பசைக்கும் அது அடங்காது. பசை உதிரும் தோலைப் பிடிக்குமே தவிர, அந்தத் தோல் அடித்துணியைப் பிடித்துக்கொண்டிருக்காது.

2023 டிசம்பரில் தாமிரபரணி வெள்ளம் எங்கள் வீட்டுக்குள் வந்தபோது என் மனைவியின் கைப்பை ஒரு நாள் முழுவதும் தண்ணீரில் கிடந்தது. செய்தித்தாளைச் சுருட்டி உள்ளே திணித்து நிழலில் உலர்த்தினோம். பார்வைக்குப் புதிது போலவே இருந்தது. அடுத்த ஐப்பசிக்குள் தோள்பட்டையில் கருப்புத் துகளாக உதிர்ந்து சேலையெல்லாம் அழுக்கானது. தோள்பட்டையை மட்டும் பருத்தி நாடாவால் சுற்றித் தைத்து இன்னும் வைத்திருக்கிறார், ஆனால் பை முழுவதும் அப்படி ஆகியிருந்தால் நான் தைக்கச் சொல்லியிருக்க மாட்டேன். தின்னர், பெட்ரோல் எதையும் வைத்து மட்டும் துடைக்காதீர்கள்; நிறம் கையோடு வந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அடிமூலையில் ஒரு பட்டாணி அளவு மட்டும் உரிந்திருக்கிறது. மற்ற இடமெல்லாம் நன்றாக இருக்கிறது. சனியும் ஞாயிறும் உட்கார்ந்து, நான்கு முனைகளுக்கும் தம்பியின் பழைய ஜீன்ஸ் துணியைக் கொடுத்துத் தைத்துவிட்டேன். ஒரு முனைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது, முதல் முனையில் மட்டும் பெருக்கல் குறி கோணலாகிவிட்டது. ஜிப் மூன்றாவது அழுத்தலிலேயே சரியானது. பழைய உள் துணியை எடுத்தபோது 27 ரூபாய் சில்லறையும், தொலைந்ததாக நினைத்திருந்த பீரோச் சாவியும் அடியில் கிடந்தன. இன்று காலை தண்ணீர் பாட்டிலோடு கொண்டுபோனேன்; பேருந்தில் கம்பியைப் பிடித்து நின்றபோது தையலையே பார்த்துக்கொண்டு வந்தேன், ஓட்டைகள் எதுவும் நீளவில்லை. உரிந்த அந்த மூலையை மட்டும் என்ன செய்யலாம்?

முதல் பதில் எழுதியவர்

கோணல் இருந்தால் பரவாயில்லை, தங்கச்சி, இழுவைக்கு அது தெரியாது. உரிந்த மூலையைச் சுரண்டி விரிவாக்காமல், அதே ஜீன்ஸ் துணியில் முக்கோணமாக ஒரு துண்டு வெட்டி, ஓரத்தை உள்ளே மடித்து, வெளிப்புறமாக மேலே போர்த்தித் தையுங்கள். ஊசி நல்ல ரெக்சினில் இறங்குமாறு, உரிந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை தள்ளித் தையல் வர வேண்டும். எதிர் மூலைக்கும் அதேபோல் ஒன்று போட்டுவிட்டால் பார்க்க ஜோடியாக இருக்கும்.