ஆச்சி வீட்டுக் குழு: கடவாப்பல்லுல என்ன அடைக்க?

சுசீந்திரம் சித்தி: கீழ்க் கடவாப்பல்லுல ஓட்ட. ரெண்டு பல்லுக்கு நடுவுல. வெள்ளியா, பல்லு நெறமா, ஜிஐசின்னு ஒரு சிமெண்டான்னு கேக்காவ. நாளைக்கு 10 மணிக்குப் போவணும்.

தக்கலை மாமா: வெள்ளி போடு. கல்லு மாதிரி நிக்கும்.

மார்த்தாண்டம் அத்தான்: *அனுப்பப்பட்டது* வெள்ளி அடைப்பில் பாதரசம்!! கிட்னி போகும்!! 10 பேருக்குப் பகிரவும்

தக்கலை மாமா: மருமோனே, நீ அனுப்புனதுல ஒண்ணாவது உண்மையா இருந்திருக்கா?

பல்டாக்டர் அக்கா: சித்தி, எக்ஸ்ரே எடுத்தாச்சா? பச்சத்தண்ணிக்கு சுரீர்னு வந்து ஒடனே போவுதா, இல்ல சூடு பட்டா நின்னு வலிக்கா?

சுசீந்திரம் சித்தி: எடுத்தாச்சு. பச்சத்தண்ணிக்குத்தான். ஒடனே போயிரும்.

பல்டாக்டர் அக்கா: அப்போ அடைச்சாப் போதும்போல, வேர் சிகிச்ச வேண்டியிருக்காது. வெள்ளி அடைப்புல எடையில பாதிக்கிட்ட பாதரசம் உண்டு. மத்தது வெள்ளி, வெள்ளீயம், செம்பு. கடிக்கு நல்லா தாங்கும், ஆனா பல்லுல ஒட்டாது. உள்ள அகலமா, வாய் குறுகலா குடைஞ்சு பூட்டணும். அதுல நல்ல பல்லும் போவும். முழுசா இறுக 24 மணி நேரம். ஐரோப்பிய யூனியன்ல 2025 ஜனவரி 1 முதல் பொதுவா நிறுத்தியாச்சு. 15 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிக்கும், பால் குடுக்கவங்களுக்கும் தவிர்க்கணும்னு, பாதரசத்தக் கொறைக்கப் போட்ட மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2022லயே முடிவெடுத்தாச்சு. மாமா, உங்க வாயில உள்ளது நல்லா இருந்தா தோண்டாதீங்க. எடுக்கும்போதுதான் பாதரச ஆவி கூடுதல்.

வடசேரி மயினி: *இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கோட்டாறு பெரியம்மா: என்னத்த அழிச்ச?

வடசேரி மயினி: மாறி வந்துட்டு மாமி

கோட்டாறு பெரியம்மா: கர்ப்பிணின்னா எத்தன மாசத்துலேருந்துன்னு கேட்டல்லா. நான் படிச்சாச்சு.

தக்கலை மாமா: ஞாயித்துக்கிழம கல்யாணத்துக்கு வேன் 5க்கா 5.30க்கா?

பல்டாக்டர் அக்கா: சித்திக்கு நான்னா பல்லு நெறம், காம்போசிட்தான் போடுவேன். ஆனா அது செய்யற கையப் பொறுத்தது. 37 சதவீத ஆசிட் ஜெல் 15 செகண்ட் வச்சுக் கழுவி, பசை தேச்சு, நீல லைட். பெறவு ஒவ்வொரு அடுக்கும் 2 மில்லிமீட்டருக்கு மேல வைக்கப்படாது, அடுக்குக்கு 20 செகண்ட் கிட்ட லைட். மொத்தமா அப்புனா அடி வேகாது. சுருங்கி ஓரத்துல கீறல் விழும், அதுவழியா திரும்பச் சொத்த. ரெண்டு பல்லுக்கு நடுவுல உள்ள ஓட்டைக்குத் தகட்டுப் பட்டையும் ஆப்பும் வச்சு இறுக்கணும், இல்லன்னா இடுக்கு விழுந்து மீன்முள்ளு மாட்டும். ரப்பர் ஷீட் கட்டுவீங்களான்னு கேளுங்க. எச்சி பட்டா பசை பிடிக்காது.

மார்த்தாண்டம் அத்தான்: அப்போ ஜிஐசி?

பல்டாக்டர் அக்கா: தானே ஒட்டும், ஃப்ளோரைடு விடும், ஆனா தேயும். குட்டிக்க பால்பல்லுக்கும் ஈறோரத்துக்கும் கொள்ளாம். வச்சதும் மேல வார்னிஷோ வாசலினோ தடவணும். ஈரம் பட்டா கரையும், காஞ்சா வெடிக்கும்.

கோட்டாறு பெரியம்மா: கிராம்பெண்ணெய பஞ்சுல வச்சுட்டுப் போ மக்களே. நம்ம மாறாமலையில வெளையுற கிராம்பு. 2021ல கன்னியாகுமரி கிராம்புன்னு புவிசார் குறியீடு கெடச்சதாக்கும்.

சுசீந்திரம் சித்தி: நேத்து ராத்திரி வச்சேனே

பல்டாக்டர் அக்கா: ஐயோ சித்தி. அதுல உள்ள யூஜினால் காம்போசிட்ட இறுக விடாது. மறைக்காம சொல்லுங்க, குடைஞ்சு நல்லா சுத்தம் பண்ணிட்டுத்தான் பசை வைக்கணும். தற்காலிகமா அடைக்க வெள்ள மாவுலயும் அதுதான் இருக்கும். கிராம்பெண்ணெ ஈறுல பட்டா வெந்து போவும்.

கோட்டாறு பெரியம்மா: மாறாமலன்னதும் நெனவு வருது. குத்தகப் பணம் என்னாச்சு தம்பி?

தக்கலை மாமா: பல்லப் பேசுவோம் அக்கா.

சுசீந்திரம் சித்தி: கல்யாணத்துல முந்திரிக்கொத்து திங்கலாமா?

பல்டாக்டர் அக்கா: காம்போசிட் லைட்லயே இறுகிரும். மரப்பு போவ 2, 3 மணி நேரம் ஆவும், அதுவரைக்கும் திங்காதீங்க, கன்னத்தக் கடிச்சிரும். கடிச்சா ஒசரமாத் தெரிஞ்சா திரும்பப் போய் நீலத்தாள் வச்சு எங்க இடிக்குன்னு பாத்துத் தேய்க்கச் சொல்லணும், சும்மா விட்டா வலி கூடும். முந்திரிக்கொத்து பழசுன்னா நல்ல பல்லே ஒடையும்.

தக்கலை மாமா: எனக்க பொண்டாட்டிக்க முந்திரிக்கொத்தையா சொல்லுக?

சுசீந்திரம் சித்தி: செரி, சித்தப்பாட்ட கேட்டுட்டுச் சொல்லுகேன். வெல வேற கூடுதலாம்.

மார்த்தாண்டம் அத்தான்: வேன் 5க்கா?

கோட்டாறு பெரியம்மா: வடசேரிக்காரி ஃபோன எடு.