சூடானதும் ஸ்பார்க் செத்துப்போகும் டூ ஸ்ட்ரோக் ஸ்கூட்டர்

150 சிசி, கிக் ஸ்டார்ட், சிடிஐ (கெபாசிட்டரில் மின்சாரத்தைச் சேர்த்துப் பொறிக்காக வெளிவிடும் எலக்ட்ரானிக் பெட்டி) இக்னிஷன். ஆறியிருந்தால் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. 15 நிமிடம் ஓடியதும் திணறி நின்றுவிடுகிறது. அப்போதே பிளக்கைக் கழற்றி, ஹெட்டில் ஒட்டவைத்து உதைத்தால் மெல்லிய ஆரஞ்சுப் பொறிதான். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி நீலமாக 'டக்' என்று அடிக்கிறது. மூன்று வாரமாக இப்படித்தான்.

புது பிளக், இடைவெளி 0.6 மி.மீ., புது கேப் போட்டாச்சு. பிளக்குக்குப் போகும் ஹெச்டி (உயர் வோல்டேஜ்) வயர் நுனியை 1 செ.மீ. வெட்டி மாட்டினேன். எர்த் தேய்த்து, கில் சுவிட்ச் (இன்ஜினை அணைக்கும் சுவிட்ச்) வயரையும் கழற்றிப் பார்த்தாச்சு. சிடிஐக்கு மின்சாரம் தரும் எக்ஸைட்டர் காயில் ஆறியபோது 480 ஓம், சூட்டில் 590; செம்புக் கம்பிக்கு இந்த ஏற்றம் இயல்புதான். பிளக் இடைவெளியைக் கூட்டச் சொல்கிறார்கள். இருக்கிற வோல்டேஜே போதாதபோது அது இன்னும் அதிகம் கேட்கும், அதனால் தொடவில்லை.

கோளாறு சிடிஐயிலா, எக்ஸைட்டர் காயிலிலா என்று, புதிதாக எதையும் வாங்கி மாட்டாமல் உறுதிசெய்வது எப்படி?