"நான் வாட்டமா இருக்கேன்"னு சொன்னா தப்பா?

சொல்தேடி:
ஒரு சிறுகதை எழுதிட்டு இருக்கேன். அதுல ஒருத்தன் தன் ஃப்ரெண்டுக்கு "நாலு நாளா நான் ரொம்ப வாட்டமா இருக்கேன்டா"ன்னு மெசேஜ் அனுப்புறான். படிச்சுப் பாத்தவங்க ரெண்டு பேரும் இந்த ஒரு வரி மட்டும் ஒட்டலன்னு சொல்றாங்க, ஆனா ஏன்னு கேட்டா சொல்லத் தெரியல. வாட்டம்னா சோர்வுதானே? அப்புறம் வாட்டசாட்டமான ஆள்னா நல்லா உயரமா கட்டுமஸ்தா இருக்குறவரு, அது எப்படி நேர் எதிரா வருது?

மழைக்காகிதம்:
இலக்கணப்படி தப்பில்ல, ஆனா நாம அப்படிப் பேசுறதில்ல. ஓடு ஓட்டம், ஆடு ஆட்டம் மாதிரி வாடு வாட்டம். செடி தண்ணியில்லாம தலை தொங்கிப் போகும் பாருங்க, அதுதான் இந்தச் சொல்லோட வேர். செடி வாடுறத பாக்குறவங்கதானே சொல்றோம், செடியா சொல்லுது? மனுஷங்களுக்கும் அதே மாதிரிதான், வாட்டம் முகத்துல தெரியுற விஷயம், அதனால எதிர்ல இருக்குறவங்க வாயிலதான் வரும். "ஏன் முகம் வாட்டமா இருக்கு, சாப்டியா?" இப்படி. தன்னப் பத்தி சொல்லும்போது "மனசு சரியில்ல", "ஒரு மாதிரி இருக்கு", இல்லன்னா "மூட் அவுட்"டுன்னு போயிடுவோம். சோர்வு அப்படியில்ல, அது உள்ள இருக்குறது, "சோர்வா இருக்கு"ன்னு நாமளே சொல்லிக்கலாம்.

பழையஏடு:
ஆனா வள்ளலார் "வாடிய பயிரைக் கண்டபோதெல்லாம் வாடினேன்"னு தன்னப் பத்தியேதானே பாடுறாரு?

மழைக்காகிதம்:
நல்ல கேள்வி. அங்க வினைச்சொல்லா வருது, "வாடினேன்". பயிருக்கும் அதே சொல்லு தனக்கும் அதே சொல்லு, பயிரோட வாட்டம் அப்படியே அவருக்குள்ள இறங்குது, அதான் அந்த வரி இவ்ளோ வருஷம் கழிச்சும் நெஞ்சப் பிடிக்குது. அதையே "வாட்டமாக இருந்தேன்"னு மாத்திப் படிச்சுப் பாருங்க, உயிரே போயிடும்.

கரணைக்காரன்:
கட்டட வேலையில வாட்டம்னா சரிவு. தண்ணி தேங்காம ஓடணும்னு தளத்துக்கு வாட்டம் விட்டுப் பூசுவோம். "கைக்கு வாட்டமா இருக்கு"ன்னா தோதா இருக்குன்னு அர்த்தம். வாட்டசாட்டத்தயும் இந்தப் பக்கம்தான் சேக்கணும்னு எனக்குத் தோணுது, வாடுறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்குற மாதிரி தெரியல.

ஈரமண்:
இன்னொன்னு முக்கியமா சொல்லணும். வாட்டம்ங்கற சொல்லுலயே திரும்பத் தழைக்கும்ங்கற நம்பிக்கை இருக்கு, தண்ணி ஊத்துனா செடி நிமிரும்ல. உங்க கதையில வர்றவன் வாரக்கணக்கா தூங்காம, எதுலயும் நாட்டமில்லாம கெடக்குறான்னா அதுக்குப் பேரு மனச்சோர்வு, அது டாக்டர்கிட்ட காட்ட வேண்டிய நோய். அதப் போய் வாட்டம்னு லேசா எழுதிடாதீங்க ப்ளீஸ். எங்க வீட்டுலயே ஒருத்தர ரொம்ப நாள் "சும்மா முகம் வாடியிருக்கு"ன்னே சொல்லிட்டு இருந்துட்டோம்.

சொல்தேடி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஈரமண், நீங்க எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். என் கதையில அவன் பரீட்சையில தோத்துட்டு நாலு நாள் யாரோடயும் பேசாம இருக்குறவன், அவ்வளவுதான், அதனால வாட்டம் பொருந்தும்னு நெனைக்கிறேன். ஆனா மெசேஜ தூக்கிட்டேன். இப்ப அவன் கதவத் திறக்குறான், அக்கா செருப்பக்கூடக் கழட்டாம நின்னு பாத்துட்டு "என்னடா, முகமெல்லாம் வாடிக் கெடக்கு"ன்னு கேக்குறா. அவன் "ஒண்ணுமில்லக்கா"ங்குறான்.

மழைக்காகிதம்:
இது ஒட்டுது.