627001: பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, கணக்கு தெரிந்தவர்கள் கொஞ்சம் கை கொடுங்கள். அக்கா மகளுக்குப் பள்ளியில் ஒரு வேலை: பெரிய எண் ஒன்றை எடுத்து அதன் குணங்களை எழுத வேண்டும். அவள் எடுத்தது திருநெல்வேலி பின்கோடு, 627001.

பார்த்தால் பகா எண் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் 71 × 8831. இவை இரண்டும் பகா எண்கள். தன்னை விட்டுவிட்டு மற்ற காரணிகளைக் கூட்டினால் வெறும் 8903, எண்ணை விடக் குறைவு, ஆக இது குறைவெண். (டவுன் பின்கோடு 627006 ஆறின் மடங்கு, அதனால் மிகையெண், அதாவது காரணிகளின் கூட்டுத்தொகை எண்ணை விட அதிகம். டவுன்காரர்கள் இதற்கும் பெருமைப்படுவார்கள்!)

சிக்கல் இனிமேல்தான். 627001-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1; இரண்டு வர்க்கங்களைக் கூட்டி வரும் ஒற்றை எண்ணுக்கும் மீதி 1தான். அப்படியிருந்தும் இதை இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுத முடியாது. ஏனென்றால் 71-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 3. அப்படிப்பட்ட பகா எண் இரண்டு வர்க்கங்களின் கூட்டுத்தொகையை வகுத்தால், அந்த இரண்டு எண்களையுமே வகுத்தாக வேண்டும். அப்போது கூட்டுத்தொகை 71-இன் வர்க்கத்தாலும் வகுபடும், 627001 வகுபடாது.

அந்த 'வகுத்தாக வேண்டும்' என்பதை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தை (p பகா எண் என்றால், p-ஆல் வகுபடாத எண்ணின் p−1 ஆம் அடுக்கை p-ஆல் வகுத்தால் மீதி 1 என்பது) இழுக்காமல் நிறுவ வழி உண்டா? ஏன் என்று புரியாமல் அவள் ஒரு வரி எழுத மாட்டாள். தாளில் எழுதிப் படம் எடுத்துப் போட்டாலும் போதும்.