இளம் செங்குழியத்தில் வெண்குழிய அடையாளமா? தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் அக்காமார், அண்ணாமார். முதுநிலை ஆய்வு மாணவி நான். விடுமுறைக்குப் பரந்தனில் வீட்டில் நிற்கிறேன். வெளியே அரிவு வெட்டும் இயந்திரம் இரைகிறது. உள்ளே நான் ஃபுளோ சைட்டோமெட்ரிப் (சாயமிட்ட கலங்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் முறை) புள்ளிப் படங்களோடு மல்லுக்கட்டுகிறேன்.

தொப்புள்கொடிக் குருதி மாதிரியில் சிடி71, சிடி235ஏ என்ற மேற்பரப்பு அடையாளப் புரதங்கள் இரண்டும் உள்ள கலங்களைப் பிரித்தெடுத்தேன். முதலாவது இரும்பை உள்ளே எடுக்கும் டிரான்ஸ்பெரின் ஏற்பி, மற்றது செங்குழிய வரிசைக்குரிய கிளைக்கோபோரின் ஏ. ஆகவே இவை முதிராத செங்குழியங்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவற்றில் ஒரு பகுதி சிடி45ஐயும் மங்கலாகக் காட்டுகிறது. அது வெண்குழியங்களின் பொது அடையாளம் என்றாலும், செங்குழிய வரிசையின் ஆரம்பப் படிகளில் இருந்து, முதிர முதிர மறைந்துவிடும். அதனால் அதை ஏற்றுக்கொள்கிறேன். என் தலையிடி சிடி14. ஒற்றைக்குழியம் (மொனோசைட்) என்ற வெண்குழிய வகையின் அடையாளம் இங்கே ஏன் வந்தது?

ஒட்டிக்கொண்ட இரட்டைக் கலங்களாக இருக்குமோ என்று பரப்பு, உயரம் பார்த்து வடிகட்டினேன், குறைந்தது, மறையவில்லை. எஃப்சி ஏற்பியை (பிறபொருளெதிரிகளின் வால்பகுதியைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பி) தடுக்காமல் சாயமிட்டது என் பிழை. இறந்த கலங்களுக்கான சாயமும் போடவில்லை (திட்டுவதென்றால் திட்டுங்கள்).

சிடி14 நிறத்தை மட்டும் விட்டுவிட்டு ஒரு கட்டுப்பாட்டுக் குழாய் வைத்தால் போதுமா, அல்லது படம் எடுக்கும் சைட்டோமீட்டரில் ஒவ்வொரு கலமாகப் பார்த்தால்தான் நம்பலாமா? இந்த வேலை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள். மாதிரி இன்னும் ஒன்றுதான் மிச்சம்.